மறு: கழுவி எடுக்குற உள்ளச்சுக்கு "கரைகரு" சரியா வருமா?

வணக்கம் ஐயா,

> "கரையும் அச்சு"ன்னே வச்சுக்கலாமே, எல்லாருக்கும் புரியுமே

புரியும்தான், ஆனா குழப்பமும் சேர்ந்து வரும். கார்பன் ஃபைபர் வேலைல அச்சுன்னாலே கார்பன் நார்த் துணிய உள்ள படிய வச்சு உருவம் எடுக்குற வெளி மோல்டுதான் ஞாபகத்துக்கு வரும், நாம தமிழ்ப் பேர் தேடுறது பொருளுக்கு உள்ள மாட்டிக்கிட்டு நின்னு, கடைசில தண்ணி விட்டுக் கழுவி எடுக்குற உள்ளச்சுக்கு (wash-out mandrel).

ரேஸ் காருக்கு போடுற வளைஞ்ச காத்துக்குழாயையே எடுத்துக்குங்க, நடுவுல பெருத்து ரெண்டு வாயும் சிறுத்திருக்கும். அலுமினியத்துல உள்ளச்சு கடைஞ்சு மேல ப்ரீப்ரெக் (ரெசின் பசை ஊறின கார்பன் துணி) சுத்தினா வெந்தப்புறம் அத உருவவே முடியாது, சரி ரெண்டு பாதியா செஞ்சு ஒட்டலாம்னா ஒட்டுவாய்ல நார் தொடர்ச்சி அறுந்துடும், எடையும் ஏறும். அதனாலதான் பீங்கான் தூளோட தண்ணில கரையுற பைண்டர (தூள ஒட்ட வைக்குற பொருள) கலந்து, அடைச்சு, உலர்த்தி உருவம் எடுக்குறாங்க. அதுமேல ரெசின் உள்ள போகாம தடுக்குற சீலர் பூச்சு, அப்புறம் துணி, காத்த உறிஞ்சி எடுக்குற வேக்கம் பேக், ஆட்டோகிளேவ்ங்கிற அழுத்த அடுப்புல 120 இல்லன்னா 180 டிகிரி சூடு. ஆறினதும் வாய் வழியா தண்ணிய பீய்ச்சினா சேறா வெளிய வந்துடும். சீலர் ஒரு இடத்துல விட்டுப்போச்சுன்னா ரெசின் உள்ள இறங்கி அந்த இடம் கல்லாயிடும், எவ்வளவு தண்ணி விட்டாலும் அசையாது.

கோயம்புத்தூர் பவுண்டரிகள்ல பம்புக்கு உள்பொள்ளல் வர வைக்குற மண் கோருக்கும் இதே வேலைதான், அதனால "கரு" ரெண்டுக்கும் பொருந்தும்.

> தூள் கரையலையே, அடிச்சுக்கிட்டுதானே வருது? அப்ப "கழுவுகரு"தானே?

தூள் கரையாதுங்கிறது உண்மைதான் ஐயா. ஆனா உருவத்தக் கட்டி நிறுத்துறதே பைண்டர்தான், அது கரைஞ்சா கருவே கரைஞ்ச மாதிரிதான். கழுவுகருன்னா கழுவி திரும்பப் பயன்படுத்துறதுன்னு தோணும், இது ஒரு தடவையோட சரி. ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகையா கரைகரு நாக்குல ஒட்டுது, அதே வரிசைல மெழுகுல செய்றது உருகுகரு, சைக்கிள் ஃபிரேமுக்குள்ள காத்தடிச்சு துணிய அச்சோட அழுத்துற பை ஊதுகருன்னு குடும்பமாவே வந்துடுது. தனித்தனியா பேர் வச்சா இந்த உறவு தெரியாம போயிடும்.

அடுத்தது பிளக், அதாவது அச்சையே வார்த்தெடுக்குற மூல உருவம், அதுக்கும் பேர் வேணும். 20 டிகிரில இருக்குற 1 மீட்டர் அலுமினிய அச்சு 180க்கு போனா 3.7 மில்லிமீட்டர் நீளும், இன்வார்ங்கிற இரும்பு-நிக்கல் கலவைன்னா கால் மில்லிதான் ஆனா விலையும் எடையும் ஜாஸ்தி. கார்பன் அவ்வளவா நீளாது, அதனால பெரிய பாகங்களுக்கு அச்சையே கார்பன்ல செய்றாங்க, அந்த அச்ச வார்த்தெடுக்குற மூலத்துக்கும் நம்ம ஆளுங்க அச்சுன்னே எழுதுறாங்க. தாயுரு, மூலவுரு ரெண்டும் எனக்குத் தோணுது, நான் தாயுரு பக்கம். ஒர்க்‌ஷாப்ல இருக்குறவங்க எது வாய்ல நிக்கும்னு சொல்லுங்க.