காவலூருக்கு அம்மாவை அழைத்துப் போக வழி சொல்லுங்க

வணக்கம் உறவுகளே, நான் வேலூர். தை பிறந்ததும் அந்த வருஷம் பார்க்க வேண்டிய ஊர்களை எழுதி வைப்பேன். இந்த வருஷப் பட்டியல்ல ஜலகண்டேஸ்வரர் கோயில், ஏலகிரி எல்லாம் முடிஞ்சுது. மிச்சம், ஜவ்வாது மலை காவலூர் வானாய்வகம். 1986-ல வானியலாளர் வைணு பாப்பு பேரை வச்சாங்களே, அதேதான், 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி உள்ள தொலைநோக்கி இருக்கிற இடம்.

இது அம்மாவுக்காக எழுதினது. மொட்டை மாடியில படுத்துக்கிட்டு சப்தரிஷி மண்டலத்தை எனக்குக் காட்டிக் கொடுத்ததே அவங்கதான். பெரிய தொலைநோக்கியை ஒரு தடவையாவது அவங்க நேர்ல பார்க்கணும்.

அவங்களுக்கு மூட்டு வலி. உள்ளே படி நிறைய ஏறணுமா? முன்கூட்டியே அனுமதி வாங்கணுமா? வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா பஸ்ல போனா, இருட்டின பிறகு திரும்ப வண்டி கிடைக்குமா? ஆலங்காயத்துல தங்க இடம் உண்டா? ஐப்பசி மழைக்கு முன்னாடி போயிடணும். போய் வந்தவங்க சொல்லுங்க.