இலக்கியச் சொற்களை வேரோடு கற்பிக்க யோசனை வேண்டும்

வணக்கம். உயர்நிலை வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். மெட்டஃபர் (உருவகம்), ஹைப்பர்போலி (மிகைப்படுத்திச் சொல்வது) என்று விளக்கங்களை மாணவர்கள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். புதிதாக ஒரு கவிதையைக் கொடுத்தால் விழிக்கிறார்கள். அதனால் சொல்லின் வேரிலிருந்து தொடங்கினேன். ஹைப்பர்போலி கிரேக்கச் சொல்: 'ஹைப்பர்' என்றால் அப்பால், 'பாலெய்ன்' என்றால் எறிதல். அளவைத் தாண்டி எறிவதுதான் மிகைப்படுத்தல் என்றதும் கடைசி பெஞ்சிலிருந்தே உதாரணங்கள் வந்தன! மெட்டஃபருக்கும் 'எடுத்துச் செல்லுதல்' என்ற வேர்ப்பொருள் நன்றாகவே உதவியது.

ஐரனி எனும் முரண்நகையில்தான் சிக்கல். கிரேக்கத்தில் அது தெரியாததுபோல் பாசாங்கு செய்வதைக் குறித்தது. பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிந்திருக்கும் நாடக ஐரனிக்கு அங்கிருந்து எப்படிக் கொண்டுபோவது? வகுப்பில் நீங்களே செய்து பார்த்த பயிற்சி, விளையாட்டு எதுவானாலும் சரி, கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். சொற்பட்டியல் மட்டும் வேண்டாம், அது கைவசம் நிறையவே இருக்கிறது.