பாட்டினாவுக்குத் தமிழ்ச் சொல்: நிறக்காப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

வெண்கல வாட்ச் கட்டுகிறவர்கள் பாட்டினா என்று சொல்லும் மேல்நிறத்துக்கு இந்த இழையில் இதுவரை துரு, பாசி, களிம்பு, காலமெருகு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு நான்குமே பொருந்தவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

துருவைத் தள்ளிவிடலாம். அது இரும்புக்கு உரியது. பொருக்காக உதிர்ந்து, அடியில் இருக்கும் புது இரும்பைத் திறந்து விட்டு, அதையும் தின்னும். பாசி என்றால் பச்சை மட்டும்தான் கண்ணுக்கு வரும்; வெண்கல வாட்ச்சோ பெரும்பாலான காலம் பழுப்பாகத்தான் இருக்கிறது.

களிம்பு என்று எழுதிய கரூர் ஐயாவின் வாதத்துக்கு வலு அதிகம். செம்போடு கூடவே பிறந்த களிம்பைத்தான் சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்கிறது. சொல் பழையது, எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அந்த உவமையே எனக்கு மறுப்பாகவும் இருக்கிறது, ஐயா. அங்கே களிம்பு நீங்க வேண்டிய குற்றம். நம் வீட்டிலும் அப்படித்தான்: பித்தளைப் போசியில் களிம்பு ஏறினால் அதில் புளிக்குழம்பு வைக்க விட மாட்டார்கள், ஈயம் பூசுகிறவரைத் தேடுவார்கள். போதாததற்கு மருந்துக் கடையில் களிம்பு என்று கேட்டால் புண்ணுக்குத் தடவுவதை எடுத்துக் கொடுப்பார்கள். பொள்ளாச்சியைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போனால் கிளாவு என்கிறார்கள். அதுவும் இந்தக் களிம்பேதான்.

காலமெருகு கேட்க அழகாக இருக்கிறது. இரண்டு பாதியிலும் சிக்கல். மெருகு தேய்த்து வருவது. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் பாலீஷ் போட்டால் வருவது மெருகு. இங்கே தேய்த்தால் உள்ளதும் போய்விடும். காலமும் கட்டாயமில்லை. அவித்த முட்டையை உடைத்து மூடிய டப்பாவில் வாட்ச்சோடு வைத்தால், அதிலிருந்து வரும் கந்தக வாயு சில மணி நேரத்திலேயே வெண்கலத்தைக் கறுக்க வைத்துவிடும். நாமக்கல்லை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு முட்டைக்கா பஞ்சம்!

சரி, உண்மையில் என்ன நடக்கிறது? புது வெண்கலம் சிவப்போடிய பொன்னிறம். காற்று பட்டதும் செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய செம்பழுப்புப் படலமாகிறது. அது தடிக்கத் தடிக்கப் பழுப்பு ஆழமாகிக் கருமைக்குப் போகும். பச்சை அதற்கப்புறம்தான் வரும். ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் கார்பனேட், வியர்வையின் உப்பு சேர்ந்தால் குளோரைடு. கடற்கரை உப்புக்காற்று கோவைக்கும் ஈரோட்டுக்கும் எட்டாது. அதனால் இங்கே கட்டுகிறவர்களுக்குப் பழுப்புத்தான் முதன்மை, பச்சை வியர்வையைப் பொறுத்தது.

என் கையில் இருப்பதைப் பார்த்தே எழுதுகிறேன். கேஸின், அதாவது வாட்ச்சின் உலோகக் கூட்டின், பக்கவாட்டில் சீரான பழுப்பு. சாவியின் (நேரம் திருத்தத் திருகும் குமிழின்) பற்களுக்கு நடுவே, வியர்வை தேங்கும் இடத்தில், நூலளவு பச்சை. சட்டைக் கை உரசும் விளிம்பு மட்டும் இன்னும் பளிச்சென்று பொன்னிறம். ஒரே வாட்ச்சில் மூன்று நிலை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைத்தால் எதை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கு எழுதிப் புரியவைக்கவே முடியாது. நாம் சொல் தேடுவதே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் சொல் நிறக்காப்பு. அந்தப் படலம் நிறமும் தருகிறது, அடியிலுள்ள உலோகத்தைக் காக்கவும் செய்கிறது. நியூயார்க்கில் 1886இல் நிறுவிய சுதந்திர தேவி சிலையின் செப்புத் தோல் பழுப்பாக இருந்து பச்சைக்கு மாறியபோது, அந்நாட்டு ராணுவப் பொறியாளர்கள் ஆராய்ந்து, இது செம்பைக் காக்கிறது என்றுதான் முடிவு சொன்னார்கள். ‘காப்பு’ இல்லாத எந்தச் சொல்லும் இந்த வேலையைச் சொல்லாது.

காப்பு நம் பக்கத்தில் தினப்படிச் சொல். மார்கழிக் கடைசியில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்து வீட்டுக்கும் காட்டுக்கும் காப்புக் கட்டுகிறோம். கோயிலில் சந்தனக்காப்பு சாத்துகிறார்கள், பிறகு களைகிறார்கள். இதிலிருந்து நமக்கு வேண்டிய வினைகள் எல்லாம் வந்துவிடுகின்றன. கட்டக் கட்டத் தானாக வருவது காப்பு ஏறுதல். முட்டையோ வினிகர் ஆவியோ வைத்து வரவழைப்பது காப்பு சாத்துதல். எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது காப்பு களைதல்.

வெண்கலக் காப்பு என்றால் கையில் போடும் வளையம் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். இதுவும் மணிக்கட்டில் இருப்பதுதான் என்பதால் குழப்பம் கூடும். அதனால்தான் முன்னால் நிறத்தைச் சேர்த்தேன். ஏறுதல், சாத்துதல், களைதல் என்ற வினை சேராமல் தனியாகக் காப்பு என்று எழுத வேண்டாம்.

காப்பு களைவதற்கு எலுமிச்சைச் சாறு போதும். மென்மையான பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, நீர் விட்ட சமையல் சோடாவால் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரில் கழுவி உடனே துடைக்க வேண்டும். ஸ்ட்ராப்பைக் கழற்றிவிடுங்கள், தண்ணீர் தாங்காத வாட்ச்சை நனைக்காமல் துணியாலேயே முடியுங்கள். வட்டில் தேய்க்கிற பழக்கத்தில் புளியோடு உப்பைச் சேர்க்காதீர்கள். பள்ளங்களில் தங்கும் உப்பு பச்சையை மறுபடி கூட்டி வரும். நம் வெண்கல வட்டிலும் வாட்ச்சும் ஒரே கலவையும் இல்லை. வட்டிலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளீயம். பனெராய் கம்பெனி 2011இல் கொண்டுவந்த வெண்கல வாட்ச்சில் 8 சதவீதம்தான், மீதி செம்பு. டியூடர் கம்பெனி 2016இல் தன் வாட்ச்சுக்கு எடுத்தது அலுமினிய வெண்கலம், அதில் காப்பு மெதுவாக ஏறும். அப்புறம், கை பச்சையாகிறதே என்று பயப்படும் நண்பருக்கு: பெரும்பாலான வெண்கல வாட்ச்களின் பின்மூடி எஃகு அல்லது டைட்டானியம். தோலைத் தொடும் பரப்பில் பெரும்பகுதி வெண்கலமே அல்ல.

களிம்பை நான் ஒதுக்கவில்லை. சாவிப் பற்களுக்குள் இருக்கும் அந்தப் பச்சைக்கு அதுவே சரியான பெயர், அதைத் துடைத்துவிடலாம். இன்னொன்று இருக்கிறது: வெளிறிய பச்சைப் பொடியாகப் பூத்து, துடைத்தாலும் அதே இடத்தில் திரும்ப வந்து, உலோகத்தில் குழி விழ வைப்பது. குளோரைடு உள்ளே தங்கி ஈரத்தோடு சேர்ந்து செய்கிற வேலை அது. பழைய சிலைகளைப் பாதுகாக்கிறவர்கள் வெண்கல நோய் என்கிறார்கள். அரிகளிம்பு என்று வைத்தால் வாட்ச்சுக்கும் சிலைக்கும் சேர்த்து உதவும், அரிப்பதும் சொல்லிலேயே தெரியும்.

இந்த இழையின் சொற்களைக் கோபி அம்மா தொகுக்கும் பட்டியலில் நிறக்காப்பு, களிம்பு, அரிகளிம்பு மூன்றையும் தனித்தனிப் பதிவாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். காலமெருகு சொன்னவர் மர நாற்காலிக்கும் தோல் பைக்கும் அதை வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் எனக்கு முழு உடன்பாடு. அங்கே கை பட்டுத்தான் மெருகு வருகிறது.