தனி வயலினும் இசை நடத்துநரும்: காலப்பிரமாணம் யார் கையில்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தந்தை:
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சென்னையில் நடைபெறும் சிம்பொனிக் கச்சேரி ஒன்றுக்கு என் மகளை அழைத்துச் செல்கிறேன். வயலின் கலைஞர் ஒருவரும் இசை நடத்துநர் ஒருவரும் விருந்தினராக வந்து, பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோவை, அதாவது தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படியை, வழங்குகிறார்கள். மகள் ஆறு ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் பயில்கிறாள். நம் கச்சேரியில் பாடுகிறவரின் முகத்தைப் பார்த்தே பக்கவாத்தியம் நகர்கிறது. அங்கே தனி வயலினும் இருந்து, கோல் பிடித்த நடத்துநரும் இருந்தால், காலப்பிரமாணம், அதாவது இசை நகரும் வேகம், யார் கையில் இருக்கும் என்று கேட்கிறாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நாசரேத்திலிருந்து, ஆலயப் பாடகர் குழுவில் வயலின் வாசிப்பவர்:
அண்ணாச்சி, தங்கள் மகள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாள். காலப்பிரமாணத்தை ஒத்திகைக்கு முன்பே இருவரும் பேசி முடிவுசெய்துவிடுவார்கள். பெரும்பாலும் தனிக் கலைஞரின் விருப்பமே நிற்கும். மேடையில் அவர் ஓரிடத்தில் சற்று இழுத்தாலும் விரைந்தாலும், அதைப் பிடித்து ஐம்பது அறுபது பேருக்குக் கையால் சொல்வது நடத்துநரின் வேலை. தனிக் கலைஞர் வில்லைத் தந்தியில் வைக்குமுன் மூச்சிழுப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இந்தக் கான்செர்ட்டோவில் டிம்பனி என்னும் பெருமுரசு மெல்லத் தட்டத் தொடங்கும். ஐந்தாவது தட்டில் துளைக்கருவிகள் சேரும். அதன்பின் ஏறத்தாழ மூன்று நிமிடம் தனிக் கலைஞர் வயலினைக் கையில் வைத்தபடி நின்றிருப்பார். அந்நேரம் முழுவதும் காலம் நடத்துநருடையது.

முதல் பகுதியின் முடிவில் வரும் கடென்சாவை மகள் தவறவிடக் கூடாது. அங்கே நடத்துநர் கையைத் தாழ்த்திவிடுவார். ஆர்கெஸ்ட்ரா முழுவதும் அமைதியாகும். தனி வயலின் மட்டும் ஒலிக்கும். நம் தனி ஆவர்த்தனத்தில், மிருதங்கக்காரர் முடிக்கப்போவதைக் காட்டும் மோராவைக் கேட்டதும் பாடகர் நிமிர்ந்து உட்காருகிறாரே, அதுபோல் வயலின் இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி நீளமாக அதிரவிட்டதும் நடத்துநரின் கை எழும். பெரும்பாலும் உடனே எல்லோரும் முழங்குவார்கள். ஆனால் பீத்தோவன் இங்கே வயலினைத் தாழ்ந்த தந்திகளில் மெல்லப் பாடவிட்டு, மற்றத் தந்திக்கருவிகளை விரலால் சுண்ட மட்டும் வைத்திருக்கிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் அது.

கோவில்பட்டியிலிருந்து ஒரு ரசிகர்:
மேலே உள்ள விளக்கத்தோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த உருப்படி 1806 டிசம்பரில் வியன்னாவில் அரங்கேறியபோது பெரிதாக எடுபடவில்லை. 1844-இல் லண்டனில் பன்னிரண்டு வயது யோசப் யோவாகிம் வாசிக்க, மெண்டல்சன் நடத்தியபோதுதான் அது மீண்டும் உயிர்பெற்றது. பீத்தோவன் இதன் வயலினுக்குக் கடென்சா எழுதிவைக்கவில்லை என்பதால், வருகிற கலைஞர் யாருடையதை வாசிக்கிறார் என்று நிகழ்ச்சித்தாளில் பாருங்கள். யோவாகிமும், வயலின் கலைஞர் கிரைஸ்லரும் எழுதியவை அதிகம் கேட்கக் கிடைக்கும்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடியான பாலுசுவாமி தீட்சிதர், நமக்குப் பக்கத்தில் உள்ள எட்டயபுரம் சமஸ்தானத்தில்தான் வித்வானாக இருந்தார். அவள் மடியில் இருப்பதும் அந்த மேடையில் ஒலிக்கப்போவதும் ஒரே கருவி. சுருதி சேர்ப்பதும் பிடிப்பதும் மட்டுமே வேறு.

பாளையங்கோட்டையிலிருந்து அந்தத் தந்தை:
இருவருக்கும் மிக்க நன்றி. இருக்கையை எந்தப் பக்கம் எடுப்பது நல்லது?

நாசரேத்திலிருந்து:
இடப்பக்கம் எடுங்கள், அண்ணாச்சி. தனிக் கலைஞர் அந்தப் பக்கம்தான் நிற்பார். நடத்துநர் அவரை நோக்கித் திரும்பும்போது அவர் முகமும் தெரியும்.