மைஎஸ்க்யூஎல் சேர்த்து விற்கலாமா? லைசென்ஸ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி விற்கிறேன், மூலநிரல் தருவதில்லை. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். இதுவரை கடைக்காரரே அதைத் தனியாக இறக்கிக்கொள்வார். இப்போது ஒரு டீலர், எல்லாம் ஒரே இன்ஸ்டாலரில் கொடுங்கள், நான் விற்றுத் தருகிறேன் என்கிறார்.

அங்கேதான் இடிக்கிறது. நம் சர்வரிலேயே ஓட்டினால், மைஎஸ்க்யூஎல்லின் இலவச லைசென்ஸான ஜிபிஎல் 2 எதுவும் கேட்காது. பிரதியை அடுத்தவர் கையில் கொடுக்கும்போதுதான் மூலநிரலையும் தர வேண்டிய கடமை வருகிறது. எனக்கு மைஎஸ்க்யூஎல் சர்வரைவிட, என் சாஃப்ட்வேரை அதோடு இணைக்கும் கனெக்டர்தான் பயம், அதுவும் ஜிபிஎல். மைஎஸ்க்யூஎல்லின் உரிமையாளரான ஆரக்கிளிடம் வணிக லைசென்ஸ் வாங்க என் வருமானம் தாங்காது.

மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியின் சர்வரும் ஜிபிஎல் 2தான், ஆனால் அதன் சி கனெக்டர் எல்ஜிபிஎல், அதாவது மூலநிரல் தராத சாஃப்ட்வேரோடும் இணைக்க விடும் தளர்வான லைசென்ஸ். அதற்கு மாறினால் போதுமா? விநியோகிப்பவர் டீலர் என்றால் பொறுப்பு யாருக்கு? போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸில் இந்தத் தலைவலியே இல்லை, தெரியும். ஆனால் அதற்கு மாறினால், டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த ஸ்டோர்டு புரொசீஜர்களை எல்லாம் மாற்றி எழுத வேண்டுமே! இப்படி விற்றுப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?