புதுப்பிப்பு: இரண்டு மெய்யப்பன்களும் பிரிந்துவிட்டார்கள்

காரைக்குடியில் எங்கள் பங்காளிகளின் இரண்டு பழைய புள்ளிக் கணக்குகளை (மணமான தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணும் குடும்பப் பதிவுகளை) இணைக்கும்போது, மென்பொருள் இரண்டு வேறு மெய்யப்பன்களை ஒரே ஆளாக்கிவிட்டது என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவையா என்று கணிக்க 1969-இல் ஃபெலிகி, சன்டர் இருவரும் வகுத்த முறையைத்தான் பயன்படுத்துகிறேன். பெயர் போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எடை உண்டு: ஒரே ஆளின் பதிவுகளில் அந்த விவரம் ஒத்துப்போகும் வாய்ப்பை, வேறு ஆட்களிடையே தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பால் வகுத்து, இரண்டின் அடிமானத்தில் மடக்கை எடுக்க வேண்டும். எல்லாப் பெயருக்கும் முதல் வாய்ப்பை 0.9, இரண்டாவதை 0.01 என்றே போட்டிருந்தேன், எடை 6.49 வந்தது. ஒத்துப்போகாத விவரத்துக்கு எடை கழியும்; விலாசம், அதாவது நம் முன்னெழுத்துகள், ஒத்துப்போகாததற்கு −3.32. கூட்டினால் 3.17. மொத்தம் 3-ஐத் தாண்டினால் ஒரே ஆள் என்று வரம்பு வைத்திருந்தேன், அதனால் சேர்த்துவிட்டது.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் மெய்யப்பன் தெருவுக்கு நாலு பேர்! அந்தப் பெயருக்கு மட்டும் 0.01-ஐ 0.1 ஆக்கினேன். எடை 3.17-க்கு இறங்கியது, மொத்தம் −0.15. பிரிந்துவிட்டார்கள். அரிய பெயர்களுக்கு எடை தானாக ஏறும்படி, பெயர்வாரியாக எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். "பேரை விடப்பா, விலாசத்தைப் பாரு" என்று ஆச்சி முதல் நாளே சொன்னார்கள்.