தகரத்துக்குக் கீழே ரெஜிபோம் (தெர்மோகோல் என்னும் வெள்ளை நுரைப் பலகை) போட்டவர்கள் சொல்லுங்கள்: பலகை வளையாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

தலவாக்கலை, சீலிங் வேலை

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலைப் பக்கம் சீலிங் அடிக்கிறேன். லயத்துக் காம்பராவோ (தோட்டத்து வரிசை வீட்டு அறை) புதிதாகக் கட்டிய தனி வீடோ, தகரத்துக்குக் கீழே ரெஜிபோம் போட்டுத் தாருங்கள் என்று கேட்காதவர்கள் இப்போது குறைவு. காரணம் எல்லோருக்கும் தெரியும். பகலில் தகரம் கொதிக்கும், விடியற்காலையில் அதே தகரம் வேர்த்துப் பாயில் சொட்டும். பலகை போட்டால் இரண்டு தொல்லையும் குறையும். ஆனால் போட்ட கொஞ்ச நாளில் "நடுவில் தொங்குகிறது, ஓரம் விலகுகிறது" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் பலகையில் குறை இருப்பது அபூர்வம். அதன் ஒரு முகம் வெயிலிலும் மறுமுகம் குளிரிலும் கிடந்திருக்கும்.

அண்மையில் ஒரு வீட்டில் பார்த்தது இது. லொறியில் வந்த பலகைகளை இஸ்தோப்புச் (முன் திண்ணை) சுவரில் சாய்த்து வைத்து, மழைக்குப் பயந்து கண்ணாடிப் பொலித்தீனால் சுற்றியிருந்தார்கள். காலையில் மூடுபனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். பொலித்தீனுக்குள் கையை விட்டால் உள்ளே ஆவி அடிக்கிறது, பொலித்தீனின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. முன்னால் நின்ற பலகை உள்ளங்கை நுழையும் அளவுக்குச் சுவரை விட்டுக் கூன் போட்டிருந்தது. அதற்குப் பின்னால் நிழலில் இருந்தவை அவ்வளவு மோசமில்லை. எல்லாம் ஒரே கடைச் சாமான், ஒரே லொறியில் வந்தவை.

கணக்கும் சுலபம்தான். ரெஜிபோம் ஒரு மீட்டர் நீளத்துக்கு, சூடு ஒரு பாகை ஏறினால் சுமார் 0.07 மி.மீ. நீளும். 8 அடிப் பலகையில் 30 பாகை ஏறினால் 5 மி.மீ. இரண்டு முகமும் சேர்ந்து நீண்டால் பலகை நேராகவே நீளும். ஒரு முகம் மட்டும் நீண்டால் அது வளைந்துதான் ஆக வேண்டும். வெயில் தணிந்ததும் கொஞ்சம் திரும்பி வரும். ஆனால் சாய்த்து வைத்த பாரமும் சூடும் நாள்கணக்கில் சேர்ந்தால் அந்த வளைவு நிலைத்துவிடும். 75, 80 பாகைக்கு மேல் போனால் பலகையே இளகத் தொடங்கும்.

அதனால் வேலை கேட்பவர்களிடம் சாமான் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்: பலகையைப் படுக்க வையுங்கள், நிறுத்த வேண்டாம். தரையில் இரண்டு அடிக்கு ஒரு ரீப்பை (மெல்லிய மரச் சட்டம்) போட்டு, அதன் மேல் அடுக்குங்கள். மேலே ஒரு ஒட்டுப்பலகையை வைத்துச் சமமாகப் பாரம் ஏற்றுங்கள். ஒரு மூலையில் மட்டும் கல் வைத்தால் அதுவே வளைக்கும். மூடுவதற்குப் படங்கு போதும், வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் காற்றுப் போக வழி விடுங்கள்.

அடிக்கும்போது தகரத்தோடு ஒட்டி அடிப்பதே இல்லை. குறைந்தது ஓர் அங்குல இடைவெளி விட்டு, இரண்டு நுனியிலும் காற்று வெளியேற வைப்பேன். பலகைக்குப் பலகை 3 மி.மீ. விடுவேன். இறுக்கி அடித்த சீலிங்தான் மதிய வெயிலில் முதலில் உப்பும். ஸ்குரூவுக்கு அகலமான வொஷர் போட வேண்டும், இல்லாவிட்டால் தலை உள்ளே புகுந்து பலகை கழன்று வரும்.

மற்றவர்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பண்டாரவளை, வீட்டில் அறைகள் வாடகைக்கு விடுபவர்

எங்கள் பக்கத்துக் கதை வேறு அண்ணே. உங்களுக்கு மழை கொட்டுகிற ஜூன், ஜூலையில் எங்களுக்குக் காற்றும் வெயிலும். மழை பெரும்பாலும் ஒக்டோபருக்கு மேல்தான். அதனால் சீலிங் வேலையை எங்கள் ஆள் ஜூலையில் வைத்துக்கொண்டார். வெயிலில் காய்ந்த முற்றத்தில் பலகையைப் பரப்பி அளவு வெட்டப் போனார். வேண்டாம் என்று கொட்டிலுக்குள் கொண்டுபோகச் சொன்னேன். பக்கத்துக் கட்டடத்தில் மாதக்கணக்கில் வெளியே கிடந்த பலகைகளின் மேல்பக்கம் மஞ்சள் பிடித்து, தடவினால் மாவு மாதிரி உதிர்வதைப் பார்த்திருந்தேன், அதனால் அரைப் பொழுது வெயிலுக்கே பயம் வரும்தானே.

அப்புறம் பசை. கடைக்காரர் நல்ல பசை என்று ஒன்றைக் கொடுத்தார், திறந்தால் தின்னர் வாடை. ஒரு துண்டில் தடவிப் பார்த்தோம். கண்ணெதிரே குழி விழுந்து சுருங்கியது. தின்னர், பெட்ரோல், அசிற்றோன் எது பட்டாலும் ரெஜிபோம் கரையும். பசை பட்ட பக்கம் மட்டும் சுருங்கினால் முழுப் பலகையும் அந்தப் பக்கம் இழுக்கும். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீரில் கரையும் பசை வாங்கினோம். புள்ளி புள்ளியாக வைக்காமல் பல் கரண்டியால் முழுவதும் இழுத்துவிட்டோம்.

நுவரெலியா, குளிர் அறை மெக்கானிக்

இங்கே 1,868 மீட்டர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் விடியும்போது புல்லில் உறைபனி, மதியம் நெற்றியைச் சுடும் வெயில். காய்கறிக்காரர்களின் குளிர் அறைகள்தான் என் வேலை. உள்ளே 2, 4 பாகை, வெளிச்சுவரில் நேர் வெயில். இரண்டு பக்கமும் தகடு ஒட்டிய பனல் கூட வெளிப்பக்கம் வயிறு தள்ளும். மெஷினைத் திட்டிப் பயனில்லை. வெயில் படும் சுவருக்கு ஒன்றரை அடி தள்ளி ஒரு தகரச் சார்ப்பு இறக்கினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

இன்னொன்று, ஈரம். ஆவித்தடுப்புத் தாள் எப்போதும் சூடான பக்கம்தான் இருக்க வேண்டும். குளிர் அறையில் அது வெளிப்பக்கம். வீட்டுச் சீலிங்கில் இங்கே இரவில் அறை சூடு, தகரம் குளிர். அப்படியென்றால் தாள் அறைப் பக்கம்.

கரண்ட் வயரைப் பலகைக்குள் நேரே புதைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். வயரின் பி.வி.சி. உறையில் இருக்கும் எண்ணெய்ச் சத்து ரெஜிபோமுக்குள் இறங்கும். பலகை அந்த இடத்தில் உருகினது போல ஆகும், வயர் விறைத்து வெடிக்கும். குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள்.

பதுளை, மணவறை அலங்காரம்

நான் வீடு கட்டுகிறவன் இல்லை. மணவறை, கோயில் திருவிழா அலங்காரத்துக்கு ரெஜிபோம் வெட்டுகிறவன். ஆனால் இந்த வளைவோடு தினமும் மல்லுக்கட்டுவது நான்தான்.

புதிதாக ஊதி வந்த பலகையை உடனே வெட்டாதீர்கள். பலகையை ஊத வைக்கிற பென்ரேன் வாயு உள்ளே இன்னும் இருக்கும். அது வெளியேற வெளியேறப் பலகை கொஞ்சம் சுருங்கும். எங்களுக்குச் சாமான் கொண்டுவருகிற ஒருவர் சூடாறாத பலகையையே ஏற்றி அனுப்பியிருக்கிறார், கதவுத் தோரணம் வெட்டியதும் அப்பளம் போல் சுருண்டது. இப்போது கொஞ்ச வாரம் படுக்க வைத்துத்தான் சூட்டுக் கம்பியால் வெட்டுவேன்.

வண்ணம் அடிப்பதும் அப்படித்தான். முன்பக்கம் மட்டும் அடித்தால், காய்கிற வண்ணம் அந்தப் பக்கம் இழுக்கும். பின்பக்கத்துக்கும் தண்ணீர் வண்ணத்தில் ஒரு கை பூசுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விடாதீர்கள். ஸ்பிரே டப்பா வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே வளைந்ததைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குழிந்த பக்கத்தில் நாலு விரல் இடைவெளிக்கு ஒரு கோடு, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், கத்தியால் இழுங்கள். படுக்க வைத்து அழுத்தினால் கோடுகள் வாய் திறந்து பலகை நேராகும். மினுங்கும் தாள் ஒட்டிய பலகை என்றால் தாளை மட்டும் கீறினாலே பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும், பிறகு அலுமினிய டேப் ஒட்ட வேண்டும்.

ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கு 2017 செப்டம்பரில் தடை வந்தபோது, எங்கள் தொழிலும் போய்விட்டது என்று ஊரில் துக்கம் விசாரித்தார்கள். பலகைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வெட்டின துண்டுகளை ஓயாவில் (ஆற்றில்) கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான்.

மஸ்கெலியா, தோட்டத்து வீடு

அண்ணே, அடுப்படிக்கு மேலேயும் இதையே அடிக்கலாமா? மிலாறுதான் (கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சி) எரிக்கிறோம். பக்கத்து வீட்டில் அடித்தது அடுப்புக்கு நேர் மேலே கீழ்நோக்கி வளைந்து கறுத்துத் தொங்குகிறது.

தலவாக்கலை, சீலிங் வேலை

வேண்டாம் தங்கச்சி. அது வளைவு இல்லை, உருகல். தீப்பிடித்தால் ரெஜிபோம் சொட்டுச் சொட்டாக எரிந்து விழும், புகையும் ஆகாது. அடுப்படிக்கு மேலே சீமெந்துச் சீட் அடியுங்கள். சூடு தாங்க வேண்டும் என்றால் அதற்கு மேலே கற்கம்பளி வைக்கலாம். அறைகளிலும் ரெஜிபோமைத் திறந்தபடி விடாமல் கீழே ஜிப்சமோ சீமெந்துச் சீட்டோ அடித்து மூட வேண்டும்.

பதுளைத் தம்பி சொன்ன கீறல் சரிதான். சீலிங்கில் அப்படி நிமிர்த்திய பலகையை, கூன் மேலே ரீப்பையைப் பார்க்கும்படி பிடித்து, நடுவில் முதல் ஸ்குரூ போட்டு, அங்கிருந்து ஓரங்களுக்குப் போங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும்.